எலும்பு முறித்தவள் என் மருமகள்

ஜூலை 3, வியாழன்

நாளைக் காலைக் காட்சியோடு உலக சினிமா வரலாறு இரண்டாகப் பிளக்கப் போகிறது. 'கருங்குளவி'க்கு முன், 'கருங்குளவி'க்குப் பின். பாளையங்கோட்டையில் இந்த ரகசியம் தெரிந்த ஒரே ஆத்மா நான். மற்றவர்கள் எல்லாம் வழக்கம்போல தயிர் வாங்கிக்கொண்டிருக்கிறார்கள்.

கருங்குளவி என்பது என் வாலிபத்தில் சலூனில் முறை வரும்வரை நாங்கள் புரட்டிய படக்கதை. அப்பாவைக் கொன்றவர்களை மகன் குளவி முகமூடி மாட்டிக்கொண்டு ஒவ்வொருத்தனாகத் தேடிப்போய் எலும்பு எலும்பாக உடைப்பான். போலீஸ் வரும்போது குளவி பறந்திருக்கும். அதைத்தான் இப்போது படமாக எடுத்து, 'ஏ' சர்டிபிகேட்டும் வாங்கியிருக்கிறார்கள். நடித்தது யார், எடுத்தது யார் என்பதெல்லாம் சில்லறை விவகாரம். அதில் உடைகிற எலும்பு அத்தனையும் என் அக்கா மகள் குழல்வாய்மொழி உடைத்தது!

சவுண்ட் எஃபெக்ட்ஸ். திரையில் ஒருத்தன் கையை முறுக்கினால், சென்னையில் ஒரு இருட்டறையில் மைக் முன்னால் நின்று என் மருமகள் முருங்கைக்காயை முறிப்பாள். வயிற்றில் குத்து விழுந்தால் பூசணிக்காய். எவனாவது நடந்தால் இவள் நடப்பாள்; ஓடினால் நின்ற இடத்திலேயே ஓடுவாள். சைவ வீட்டில் பிறந்து ஒரு முட்டையைக்கூட உடைத்தறியாத பிள்ளை, இன்று ஒரு கூட்டத்தையே கட்டுப் போட வைத்திருக்கிறாள்.

இந்தக் காவியத்தில் ஒரே ஒரு வில்லன்: குழலியின் அப்பா, வருஷக்கணக்காக நான் ஒண்டியிருக்கிற வீட்டின் தலைவர், என் அத்தான் காந்திமதிநாதன். கூட்டுறவு பேங்க் வேலையை விட்டுவிட்டு அவள் சென்னைக்கு ரயிலேறிய அன்று, "சத்தம் போடுததுக்கு ஒரு வேலையாக்கும்?" என்று கேட்டார். அதோடு சரி. இரண்டு வருஷமாக மகளிடம் ஒரு வார்த்தை கிடையாது. அவள் ஊருக்கு வந்தால், எதிரில் உட்கார்ந்திருக்கிறவளுக்கு என் வழியாகத் தந்தி அடிப்பார். "வே சைலம், அவளச் சாப்பிடச் சொல்லும்." நான் திரும்பி, "ஏட்டி, சாப்பிடணுமாம்" என்பேன். போன பொங்கலுக்கு அதுவும் இல்லை. அவள் வருகிற அன்று காலையில் திருச்செந்தூருக்கு பஸ் ஏறிவிட்டார்.

இன்று குழலி போன் செய்தாள்.

"மாமா, மும்பையில ஒரு ஸ்டூடியோவுல கூப்பிடுதாங்க. அடுத்த வியாழக்கிழம வீட்டுக்கு வாரேன். இந்தத் தடவையும் அப்பா பஸ் ஏறிட்டாங்கன்னா நான் மும்பைக்குப் போயிருவேன். பெறவு யாரப் பாக்க வந்துட்டுப் போயிட்டு இருக்கணும்?"

"மும்பையில முருங்கைக்காய் கெடைக்காதுட்டி."

"வெளயாடாதீங்க மாமா" என்றாள். ஆனால் போனை வைக்கவில்லை. நான்தான் வைத்தேன்.

ஒரு வாரம் இருக்கிறது. பொதிகை மலையைப் பெயர்த்து பாளை பஸ் ஸ்டாண்டில் வை என்றால் ஒரு வாரம் தாராளம். அத்தானைப் பேச வைப்பது அதைவிடக் கொஞ்சம் பாரமான வேலை. ஆனாலும் திட்டம் தயார். நாட்டு மக்களின் அபிப்பிராயங்களைத் தியேட்டர் வாசலிலேயே அள்ளிக்கொண்டு வந்து அத்தான் முன்னால் மலையாகக் குவிப்பேன். மகளின் புகழ் மூக்குவரை ஏறினால் மனுஷர் மூச்சு விடவாவது வாயைத் திறக்க வேண்டும் அல்லவா?

ஜூலை 4, வெள்ளி

முதல் நாள், முதல் காட்சி. சிங்கம்போல உட்கார்ந்து பார்த்தேன். படம் தொடங்கிய கொஞ்ச நேரத்தில் வண்டியைப் பூட்டினேனா என்று சந்தேகம் வந்ததால் வெளியே போனேன். பூட்டித்தான் இருந்தது. கான்டீன் அந்தோணி தங்கமான மனிதர். இரண்டு பெண் பிள்ளைகள். மூத்தவள் நர்சிங் படிக்கிறாள். சமோசாவுக்கு உருளைக்கிழங்கை முந்தின நாளே வேகவைத்துவிடுவாராம். அப்போதுதான் மசாலா பிடிக்குமாம். இளையவள் பள்ளிக்கூடத்தில் வாங்கிய பரிசுகளைப் பற்றிச் சொல்லி முடிப்பதற்குள் படம் விட்டுவிட்டார்கள். அற்புதமான படம்.

வாசலில் நின்று அறுவடையைத் தொடங்கினேன்.

இன்ஜினியரிங் கல்லூரிப் பையன்கள்: "ரெண்டாவது பாதி லேக், இழுக்குது அங்கிள். ஆனா அந்த லிஃப்ட் சண்ட இருக்கே, எலும்பு சத்தத்துல எனக்குப் பல்லு கூசிருச்சு."

புதுசாகக் கல்யாணமான ஒரு பெண், புருஷனை ஒரு பார்வை பார்த்துக்கொண்டே: "மறுவீட்டுக்கு வந்த எடத்துல கூட்டிட்டு வர்ற படமா இது? ஆனா ஒண்ணு, எந்த மூட்ட எப்படித் திருப்பணும்னு நல்லாத் தெரிஞ்சுக்கிட்டேன்." புருஷன் அபிப்பிராயம் எதுவும் சொல்லவில்லை.

கறிக்கடை பீர்முகம்மது பாய்: "ஞாயித்துக்கிழம பூரா கடையில கேக்குற சத்தம் அண்ணாச்சி. கடையச் சாத்திட்டு வந்து, டிக்கெட் எடுத்து, திரும்பவும் அதையே கேட்டிருக்கேன் பாருங்க. என்னயச் சொல்லணும்."

ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் மட்டும் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, "அத்தனை பேரை அடிச்சான் சரி, செத்த அப்பன் எந்திரிச்சு வந்தானா?" என்றார். இந்த அபிப்பிராயத்தை அத்தானிடம் சொல்வதில்லை என்று முடிவு செய்தேன்.

சாயங்காலம் அத்தான் மொச்சை உரித்துக்கொண்டிருந்தார். எதிரில் உட்கார்ந்து செய்தி வாசிப்பவர் குரலில் ஆரம்பித்தேன்.

"'எலும்புச் சத்தத்தில் பாளையங்கோட்டையே கதிகலங்கிப் போனது.' இது ஒரு ரசிகர்."

"ஊரு கலங்கினா நானும் கலங்கியிருக்கணும்லா. நான் இங்கனதான வே இருக்கேன்?"

உள்ளே அக்கா சிரிக்கிற சத்தம் கேட்டது. ஆவுடை அக்காவுக்கு அவள் வீட்டுக்காரர் ஒரு வார்த்தை பேசினால் சிரிப்பு. நான் ஒரு மணி நேரம் பேசினால் கொட்டாவி.

"அத்தான், நீங்களே ஒரு தடவ பாத்துட்டு வந்திருங்களேன்."

"ரத்தம் உண்டோ?"

அத்தானுக்கு ரத்தம் ஆகாது. சுகர் டெஸ்டுக்கு விரலில் குத்தியதற்கே மயங்கி, அந்த லேப் பெண்ணைக் கதறவைத்தவர்.

"ரத்தமா? சும்மா பேருக்கு, அங்கங்க ஒரு சொட்டு."

(தாமிரபரணியில் வெள்ளம் வந்தபோதுகூட அவ்வளவு ஓடவில்லை என்று பீர்முகம்மது பாய் சொன்னார்.)

அத்தான் மொச்சையைக் கிண்ணத்தில் போடுவதற்குப் பதில் தோலைப் போட்டார்.

ஜூலை 5, சனி

இரண்டாம் முறையாகக் கருங்குளவி. கூட்டம் சுமார். அந்தோணி இன்று சுக்குக் காபி போட்டிருந்தார்.

ஜூலை 6, ஞாயிறு

அபிப்பிராயம் தானாகக் கனியக் காத்திருப்பது சாமானியர் வழக்கம். சக்கரவர்த்திகள் பழுக்க வைப்பார்கள்.

இன்று தியேட்டர் வாசலில் யூடியூப்காரர்கள் மைக்கோடு நின்றார்கள். படம் விட்டு வருகிறவர்கள் வாயில் அதைத் திணித்து, "படம் எப்படி இருக்கு? படம் எப்படி இருக்கு?" என்று கேட்பார்கள். நான் காலேஜ் பையன்கள் சிலரை ஓரமாக அழைத்துப் போய் டீயும் உளுந்த வடையும் வாங்கிக் கொடுத்தேன்.

"தம்பிகளா, எலும்புச் சத்தத்தைப் பத்தி மட்டும் ரெண்டு வார்த்தை சொல்லணும். உடைச்சது யாரு? நம்ம ஊருப் பொண்ணு. காந்திமதிநாதன் சார் மக."

"சூப்பர் அங்கிள். எப்படிக் கத்துக்கிட்டாங்க?"

"கத்துக்கிடவா? பொறவியிலேயே வந்தது. தொட்டில்ல கெடக்கும்போதே கிலுகிலுப்பைய உடைச்ச கை அது. வீட்ல ஒரு சாமானும் முழுசா இருந்ததில்ல."

பையன்கள் மெய்ம்மறந்து கேட்டார்கள். ஒருத்தன் நான்காவது வடைக்குக் கை நீட்டினான். கொடுத்தேன். கலைக்காகத்தானே.

ஜூலை 7, திங்கள்

மோசம் போனேன்.

அந்த வடைப் பையன் மைக்கில் சொன்னது இது: "படம் வேஸ்ட் புரோ. ஆனா எலும்ப உடைச்சது எங்க பாளையங்கோட்டைப் பொண்ணு புரோ. காந்திமதிநாதன் சார் பொண்ணு. சின்ன வயசுலயே வீட்ல எல்லாத்தையும் உடைச்சுப் பழகுனவங்களாம்!"

வீடியோ காட்டுத் தீயாகப் பரவிவிட்டது. அதன் கீழே மகாஜனங்களின் அபிப்பிராயங்கள். 'காந்திமதிநாதன் சார் நல்லா இருக்காரா?' 'அப்பாவுக்குக் கட்டுப் பிரிச்சாச்சா?' 'இந்த வீட்ல மாப்பிள்ளையாப் போறவன் இன்சூரன்ஸ் போட்டுக்கோ.' படத்தைவிட இதைப் பார்த்தவர்கள்தான் அதிகம்.

அத்தான் பால் வாங்கப் போய்விட்டு வந்து, பாத்திரத்தை நங்கென்று வைத்தார்.

"வே சைலம். பால் பூத்துல ஒருத்தன் என் கையப் புடிச்சுப் பாத்துட்டு, 'எல்லாம் ஒழுங்கா இருக்கா சார்'ங்கான். இது நீரு செஞ்ச வேலதான?"

"மக்களோட அபிப்பிராயம் அத்தான். அத யாரு தடுக்க முடியும்?"

"மக்களுக்கு வட வாங்கிக் கொடுத்தது யாரு?"

சும்மாவா சொன்னார்கள், பாளையங்கோட்டையில் இலை அசைந்தால் பால் பூத்துக்குத் தெரியும் என்று.

"வியாழக்கிழம நான் திருச்செந்தூர் போறேன். சொல்லிரும்."

"யாருகிட்ட?"

"யாருகிட்டச் சொல்லணுமோ அவகிட்ட."

குழலிக்குப் போன் செய்ய எடுத்தேன். சார்ஜ் குறைவாக இருந்தது. நாளை பேசிக்கொள்ளலாம்.

ராத்திரி மூன்று தோசையோடு எழுந்துவிட்டேன். அக்கா வந்து என் நெற்றியில் கை வைத்துப் பார்த்தாள்.

ஜூலை 8, செவ்வாய்

நெல்லையப்பர் கோயில் ஆனித் தேர். ஊரில் உள்ள பிள்ளைகுட்டியெல்லாம் டவுனில், ரத வீதியில். அத்தான் விடியுமுன்னே குளித்து, வேட்டியும் துண்டுமாகக் கிளம்பிவிட்டார். வருஷா வருஷம் தேர் வடம் பிடிக்காமல் அவர் இருந்ததில்லை. கல்யாணத்துக்கு மறுநாள்கூடப் பெண்டாட்டியை விட்டுவிட்டுப் போய் இழுத்தவர்.

நான் தேருக்குப் போகவில்லை. காரணம் பக்திக் குறைவு அல்ல. தோற்ற சேனாதிபதி கடைசியாக ஒரு தடவை போர்க்களத்தைப் பார்த்துவிட்டு வருவது மரபு.

பகல் காட்சி. தியேட்டரில் ஃபேன்கள் மட்டும் சுற்றிக்கொண்டிருந்தன. உட்கார்ந்து கண் இருட்டுக்குப் பழகியதும் நாலு வரிசைக்கு முன்னால் ஒரு முதுகு தெரிந்தது. விறைப்பாக, பேங்க் கியூவில் நிற்பதுபோல உட்கார்ந்திருக்கிற முதுகு. அந்த முதுகை நான் அடுத்த ஜென்மத்திலும் கண்டுபிடிப்பேன்.

அத்தான்!

ஊரே தேரில் இருக்கிறது, தெரிந்தவன் ஒருத்தன்கூட கண்ணில் படமாட்டான் என்று கணக்குப் போட்டு வந்திருக்கிறார், திருட்டு மனுஷர். சுவாமியையே ஏமாற்றியிருக்கிறார்.

ஆனால் படம் பார்க்கவில்லை. தேருக்கென்று கொண்டுபோன துண்டை மடித்துக் கண்ணில் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்! ரத்தத்துக்குப் பயந்து. டிக்கெட் எடுத்து, கண்ணைக் கட்டிக்கொண்டு சினிமாவுக்கு வந்த ஒரே மனிதர் இந்தப் பிரபஞ்சத்தில் இவராகத்தான் இருக்க வேண்டும்.

படம் ஆரம்பித்துக் கொஞ்ச நேரம் ஆகியிருக்கும். நான் வழக்கம்போல வண்டிப் பூட்டை நினைத்து எழப்போனேன். திடீரென்று அத்தான் கண்கட்டை உருவிவிட்டுத் திரும்பினார். திரையைப் பார்க்கவில்லை, பின்னால், கதவுப் பக்கம், யாரோ உள்ளே வந்ததுபோல வெடுக்கென்று திரும்பிப் பார்த்தார். என்னைத்தான் கண்டுவிட்டார் என்று சீட்டுக்கு அடியில் பாய்ந்தேன். அங்கே யாரோ தின்ற பாப்கார்ன் நிறையக் கிடந்தது. மெல்ல எட்டிப் பார்த்தபோது அத்தான் முன்னால் திரும்பி வெறும் கண்ணால் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்; அதில் யாரோ செத்துக் கிடந்தார்கள். உடனே மறுபடியும் துண்டைக் கட்டிக்கொண்டார்.

அப்புறம் நான் வெளியே போகவும் வழியில்லை. கதவைத் திறந்தால் வெளிச்சம் விழும். கண் எரிச்சல் காரணமாக நானும் கைக்குட்டையால் கண்ணை மூடிக்கொண்டேன். மடக். மடக். முதல் சண்டையில் ஒவ்வொரு மடக்குக்கும் அத்தானின் தோள் தூக்கிப்போட்டது. இடைவேளைக்குப் பிறகு நான் கைக்குட்டை ஓரமாகப் பார்த்தபோது தோள் அசையவில்லை. தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து, நல்ல நாகஸ்வரம் கேட்கிற மாதிரி கேட்டுக்கொண்டிருந்தார்.

சாயங்காலம் அக்கா கேட்டாள். "தேர எந்த வீதி வரைக்கும் இழுத்திய?"

"வடக்கு ரத வீதி முக்கு வரைக்கும்" என்றார் அத்தான், துளிக்கூடக் கூசாமல்.

அக்கா அவர் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தாள். "வடம் புடிச்ச கை மாதிரி இல்லியே. பூ மாதிரில்லா இருக்கு."

"அக்கா, நானும் அத்தான் பக்கத்துலதான இழுத்தேன்" என்றேன். "ரெண்டு பேருமாச் சேந்து ஒரு இழு இழுத்தோம் பாரு, தேரு அப்படியே பறந்துட்டு."

அத்தான் என்னைப் பார்த்தார். என் சட்டைக் காலரில் ஒட்டியிருந்த பாப்கார்னைப் பார்த்தார். பிறகு இருவரும் காபி குடித்தோம்.

ஜூலை 9, புதன்

அத்தானுக்கு ஏதோ ஆகிவிட்டது. காலையில் கடைக்குப் போய்விட்டு வந்தவர் வாசல்படியில் செருப்பைக் கழற்றினார், உள்ளே வந்தார், திரும்பிப் போய் மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கினார், மறுபடி ஏறி வந்து மறுபடி கழற்றினார். காதைச் சாய்த்துக்கொண்டு நின்றார்.

"என்ன செய்யுதிய?" என்று அக்கா கேட்டாள்.

"கல்லு மாட்டிக்கிட்டு."

மத்தியானம் என் அறைக்கே வந்துவிட்டார்.

"வே, படத்துல மொதல்ல ஒரு அப்பன் வீட்டுக்கு வாரானே, அந்த எடத்த நீரு பாத்தீரா?"

"பாக்காம? என்ன கம்பீரம்! முறுக்கு மீச, அகல நெத்தி..."

"அவன் மொகத்தயே காட்டல வே" என்று சொல்லிவிட்டுப் போனார்.

சமோசாவுக்கு உருளைக்கிழங்கு எப்போது வேகவைக்க வேண்டும் என்று கேட்டிருந்தால் சரியாகச் சொல்லியிருப்பேன்.

குழலிக்கு இன்னும் திருச்செந்தூர் விஷயத்தைச் சொல்லவில்லை. அவள் ரயில் ஏறியிருப்பாள்.

ஜூலை 10, வியாழன்

நான் எழுந்து வருவதற்குள் அத்தானும் இல்லை, அவர் வெளியூருக்குத் தூக்கிப்போகிற மஞ்சள் பையும் இல்லை. அக்கா அடுப்படியில் யாரிடமும் பேசாமல் தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள்.

குழலி ஆட்டோவில் வந்து இறங்கினாள். இளைத்திருந்தாள். வாசலில் நின்று குனிந்து பார்த்தாள்.

"அப்பா செருப்பக் காணும்."

நான் ஒரு பெரிய பொய்யைத் தேடினேன். ஆயுளில் முதல் தடவையாக ஒன்றும் அகப்படவில்லை.

"எத்தன மணி பஸ்ஸுல போனாங்க?"

"நான் எந்திரிக்கதுக்குள்ள போயிட்டாருட்டி."

அவள் உள்ளே வந்து நாற்காலியில் உட்கார்ந்தாள். தோள் பையை இறக்கவில்லை, மடியிலேயே வைத்துக்கொண்டாள். அக்கா கொண்டுவந்த காபி ஆறிக்கொண்டிருந்தது. "சரி மாமா, மும்பைக்காரங்களுக்கு இன்னிக்கே சொல்லிருதேன்" என்று போனை எடுத்தாள்.

அப்போது வாசல்படியில் ஒரு சத்தம். ஒரு செருப்பு விழுந்தது. கொஞ்சம் நிதானம். இன்னொரு செருப்பைப் படியில் தட்டுகிற சத்தம், தட், தட். அப்புறம் ஒரு கனைப்பு.

இந்த வீட்டில் இத்தனை வருஷம் சோறு தின்கிறேன். அத்தான் இப்படித்தான் வீட்டுக்குள் வருவார் என்பது இன்றைக்குத்தான் எனக்குத் தெரியும். குழலி திரும்பாமலேயே போனைக் கீழே வைத்துவிட்டாள்.

அத்தான் உள்ளே வந்தார். மஞ்சள் பையில் வாழை இலை, சேனைக்கிழங்கு, பால்கோவா.

"வே சைலம், சீக்கிரம் இல போடச் சொல்லும். பிள்ள பசியோட வந்திருக்கும்."

கிழங்கு வெந்ததும் நால்வரும் ஒன்றாக உட்கார்ந்தோம். எழுந்திருக்காதே என்றாலும் கேட்காமல் அக்கா நடுநடுவே எழுந்து பரிமாறினாள். சாம்பார் முடிகிறவரை அத்தான் இலையைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. அப்புறம் என் பக்கம் திரும்பினார்.

"வே, இவகிட்டக் கேளும். அந்தப் படத்துல மொதல்ல ஒருத்தன் வீட்டுக்கு வாரான். ஆளத் தெரியல, கதவு மட்டுந்தான் தெரியுது. செருப்ப விடுதான். எடது செருப்ப மட்டும் ரெண்டு தட்டு தட்டுதான். கனைக்கான். அது யாரு நடைன்னு கேளும்."

என் வாய் நிறையச் சேனைக்கிழங்கு. பொறுங்கள் என்று கையைக் காட்டினேன்.

குழலியும் என்னைப் பார்த்துத்தான் பதில் சொன்னாள்.

"அப்பாகிட்டச் சொல்லுங்க மாமா. டைரக்டர், கதவ மட்டுந்தான் காட்டப் போறேன், வர்றது நல்ல மனுஷன்னு சத்தத்துலயே தெரியணும்னாரு. எனக்குத் தெரிஞ்ச நடை ஒண்ணுதான். அதே மாதிரி செருப்பு வாங்கி நாந்தான் நடந்தேன். கனைப்புக்கு மட்டும் எங்க சவுண்டு இன்ஜினியர் அண்ணனுக்குச் சொல்லிக் கொடுத்தேன். அவருக்கு அது வரவே இல்ல. அன்னிக்குப் பூரா கனைச்சாரு."

அக்கா ரசக் கரண்டியோடு அப்படியே நின்றுவிட்டாள்.

"அடுத்த நிமிசமே என்னயக் கொன்னுட்டானுவளே, பாவிப்பயலுவ" என்றார் அத்தான் இலையைப் பார்த்து.

"சும்மா விட்டேனா?" என்றாள் குழலி. இப்போது அவள் என்னைப் பார்க்கவில்லை. "படம் முடியுறதுக்குள்ள அத்தன பேரு எலும்பையும் நாந்தான உடைச்சேன்."

அத்தான் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். ரசம் இன்னும் ஊற்றவே இல்லை. வெறும் சோற்றைத்தான் பிசைந்தார். நான் கிழங்கை விழுங்கிவிட்டு, அடுத்த தந்திக்காகக் காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தேன். அவர் என் பக்கம் திரும்பவில்லை.

"ஏட்டி, கை வலிச்சுதா?"

"வலிச்சுதுப்பா" என்று சொல்லி, குழலி சோற்றுக் கையை அப்படியே அவர் முன்னால் நீட்டினாள்.